மெயினை இறக்கியும் டெஸ்டர் எரிகிறது, என்ன செய்யலாம்?

செங்கோட்டையில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு. சாரலில் சுவர் ஊறி அடுக்களை சுவிட்ச் பெட்டி ஷாக் அடிக்கிறது. மாற்றலாம் என்று மெயினை இறக்கி, பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன் (மருமகன் பயல் மாட்டிவிடுவான்). மூடியைக் கழற்றி, பித்தளைத் திருகில் டெஸ்டரை வைத்தால் பளிச்சென்று எரிகிறது! அப்புறம்தான் மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் முனகுவது காதில் விழுந்தது. அதுவும் 230 வோல்ட்தானே.

அதன் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதுமா, அவுட்புட் வயரையும் கழற்ற வேண்டுமா? மல்டிமீட்டரில் பேஸ்–நியூட்ரல் பார்த்தால் சரியா, நியூட்ரல்–எர்த்தும் பார்க்கணுமா? டெஸ்டரை மட்டும் நம்பக் கைவரவில்லை. தென்காசி, புனலூர் பக்கம் வயரிங் வேலை பார்க்கும் அண்ணாச்சிமார் கொஞ்சம் சொல்லுங்கள். மூடியை மாட்டி வைத்துவிட்டேன், தொடவில்லை.