தேர்வு முடிந்த பிறகும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமா? (மலேசியப் பெற்றோரும் ஓர் ஆசிரியரும் பேசிக்கொண்டது; பெயருக்குப் பதில் அவரவர் இடம்)

பாயான் லெப்பாஸ் அம்மா:
மகன் ஐந்தாம் ஆண்டு. யூஏஎஸ்ஏ என்னும் கல்வியாண்டு இறுதித் தேர்வு முடிந்துவிட்டது, பாடநூல்களையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது பையில் இருப்பது தண்ணீர்ப் போத்தலும் ஊனோ சீட்டுக்கட்டும்தான். "இன்றைக்கு என்ன செய்தாய்?" என்றால், "டீச்சர் படம் போட்டார், பாதியில் மணி அடித்துவிட்டது" என்கிறான். எனக்கு ஆலையில் காலை ஷிப்ட். இதற்காக இருட்டில் எழுந்து சமைத்து அனுப்ப வேண்டுமா? டிசம்பர் விடுமுறை வரை பாட்டி வீட்டில் விடலாம் என்று நினைக்கிறேன்.

செந்தூல் டீச்சர்:
அனுப்புங்கள் சிஸ்டர். தேர்வோடு எங்கள் வேலை முடிந்துவிடுவதில்லை. விடைத்தாள் திருத்த வேண்டும். வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 6 வரை அடைவுநிலை பதிய வேண்டும். இரவல் பாடநூல்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, கிழிசலும் கிறுக்கலும் பார்த்து வாங்க வேண்டும். பரிசளிப்பு விழா வேறு. இதில் பாதி வகுப்பு காலி. இருப்பவர்களை வைத்துப் புதிய பாடம் நடத்தினால் வராதவர்களுக்கு மறுபடி நடத்த வேண்டும். அதனால்தான் படம் ஓடுகிறது. தொடர்ந்து மூன்று நாள் காரணமில்லாமல் வராவிட்டால் எச்சரிக்கைக் கடிதம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய கிள்ளான் சாலை:
பாடம் இல்லாததால் பிள்ளைகள் வருவதில்லை, பிள்ளைகள் வராததால் பாடம் இல்லை. கோழியா முட்டையா கதைதான் டீச்சர். என் மகளின் பள்ளியில் விழா நடன ஒத்திகை. ஆடுவது ஒரு குழு, மற்ற அத்தனை பேரும் மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அதே பாட்டைக் காலையிலிருந்து கேட்கிறார்கள். இதற்கு வருகைப் பதிவேடு ஒரு கேடா?

பட்டர்வொர்த் தாத்தா:
இது புதுப் பிரச்சினை இல்லை தம்பி. ஆறாம் ஆண்டுப் பொதுத்தேர்வான யூபிஎஸ்ஆர் இருந்த காலத்தில் செப்டம்பரில் தேர்வு முடிந்ததும் நவம்பர் வரை ஆறாம் ஆண்டு வகுப்பு இப்படித்தான் கிடந்தது. 2021இல் அந்தத் தேர்வை நீக்கினார்கள், பழக்கத்தை யாரும் நீக்கவில்லை.

பாயான் லெப்பாஸ் அம்மா, இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறார். எங்கள் அடுக்குமாடியில் அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போனால் பிள்ளை கைப்பேசியோடு தனியாகத்தான். வசதி குறைந்த பிள்ளைகளுக்குக் கேண்டீனில் தரும் இலவசச் சாப்பாடும் பள்ளிக்குப் போனால்தானே கிடைக்கும்? பக்கத்து வீட்டுப் பையன் அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் மதியம் வரை தாங்குகிறான். நாலு பேர் வராவிட்டால் வகுப்பே வேண்டாம் என்று ஆகிவிடும். அடிபடுவது அவனைப் போன்றவர்கள்.

பாயான் லெப்பாஸ் அம்மா:
சாப்பாட்டு விஷயம் நியாயம், ஐயா. ஆனால் அந்தப் பையனுக்கும் சாப்பாட்டோடு பாடம் கிடைக்க வேண்டாமா? விடுமுறையே சில வாரம்தான், ஜனவரியில் ஆறாம் ஆண்டு தொடங்கிவிடும். சீருடை, கறுப்புக் காலணி எல்லாம் அதற்குள் வாங்க வேண்டும். பள்ளியில் சும்மா உட்கார வைக்கும் நாளில் நான் அந்த வேலையையாவது முடிப்பேன்.

செந்தூல் டீச்சர்:
காலணி வாங்க ஒரு சனிக்கிழமை போதாதா? என் வகுப்பில் வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகள் சிலரோடு இந்த வாரங்களில்தான் நிதானமாக உட்கார முடிகிறது. மற்ற மாதங்களில் முப்பது பேருக்கு நடுவில் அவர்களைக் கவனிக்க எங்கே நேரம்?

பழைய கிள்ளான் சாலை:
அது உங்கள் வகுப்பு. எல்லா வகுப்பும் அப்படியா? எந்த நாள் என்ன நடக்கும் என்று வாட்சாப் குழுவில் போடச் சொல்லுங்கள். ஒத்திகை நாளா, வாசிப்பு நாளா என்று தெரிந்தால் நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

செந்தூல் டீச்சர்:
போடலாம். ஒத்திகை என்று போட்டால் அன்றைக்கு ஒருவரும் வரமாட்டீர்கள், அதுதான் பயம்.

பாயான் லெப்பாஸ் அம்மா:
அப்படியென்றால் ஒத்திகையைக் குறையுங்கள் டீச்சர்! வாசிப்பு நாள் என்றால் ஷிப்ட் மாற்றியாவது அனுப்புகிறேன்.

பழைய கிள்ளான் சாலை:
முதலில் அட்டவணை வரட்டும்.