லாரன்ஸ் பாதிரியாரைத் தண்டிக்காமல் விட்டது சரியா?

கேள்வி: ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தில் ரோமியோவுக்கும் ஜூலியட்டுக்கும் இரகசியமாக மணமுடித்து வைத்தவரும், ஜூலியட்டுக்கு 42 மணி நேரம் பிணம்போல் கிடக்கச் செய்யும் மருந்தைக் கொடுத்தவரும், கல்லறையில் அவள் கண்விழித்த பின் காவலர் வரும் ஓசைக்கு அஞ்சி அவளைத் தனியே விட்டு ஓடியவரும் இவரே. பிறகு ஏன் வெரோனா நகர இளவரசர் இவரைப் புனிதர் என்றே கருதுகிறார்?

பதில் 1: மருந்துத் திட்டத்தைச் சொல்லி அவர் எழுதிய கடிதம், ரோமியோ நாடுகடத்தப்பட்டு இருந்த மாந்துவா நகரைச் சேராததற்கு அவர் பொறுப்பல்லர்; அதை எடுத்துச் சென்ற ஜான் பாதிரியாரைக் கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டுக்குள் வைத்து அடைத்துவிட்டார்கள். ஆனால் கல்லறையிலிருந்து ஓடியதை என்னால் மன்னிக்க இயலவில்லை.

பதில் 2: ஜூலியட்டின் தந்தை கப்யூலட்டை மறந்துவிட்டீர்கள். 14 வயதும் நிறையாத மகள், தாம் தேர்ந்த பாரிஸ் என்னும் பிரபுவை மணக்க மறுத்தபோது, தெருவில் கிடந்து சாகட்டும் என்று சீறியவர் அவர். வியாழக்கிழமைக்குக் குறித்த திருமணத்தைப் புதன்கிழமைக்கு மாற்றியவரும் அவரே. வளர்த்த செவிலியும் பாரிஸையே மணந்துகொள் என்று சொன்ன பிறகு, அந்தச் சிறுமி வேறு யாரிடம் போயிருப்பாள்?

கேட்டவர்: செவிலி கைவிட்ட அந்தக் காட்சியை நான் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. இளவரசரும் இரு குடும்பங்களின் பகையைக் கண்டும் காணாமல் இருந்ததால் மெர்குஷியோ, பாரிஸ் என்னும் இரு உறவினரை இழந்தவர். பாதிரியாரிடம் அவர் கடுமை காட்டாததற்கு அந்தக் குற்றவுணர்வும் காரணமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.