'தண்ணி'யை 'நீர்' ஆக்கிய மாணவி

தருமபுரியில் முதுகலை மாணவர்களுக்குப் பண்புசார் ஆய்வு முறைகள் (எண்களை அல்ல, மனிதர்களின் பேச்சையும் அனுபவத்தையும் ஆராயும் முறைகள்) நடத்துகிறேன். நேர்காணலைக் கவிதையாக்கும் முறையைச் சென்ற பருவத்தில்தான் முதன்முதலாக எடுத்தேன். கவிதை என்றதும் நான்கைந்து முகங்கள் மலர்ந்தன. எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது.

அமெரிக்கச் சமூகவியலாளர் லாரல் ரிச்சர்ட்சன் 1992-இல் எழுதிய கட்டுரையைச் சொன்னேன். மணமாகாமல் தாயான ஒரு பெண்ணின் நேர்காணல், எழுத்துப்படியில் 36 பக்கம். அதை மூன்று பக்கக் கவிதையாக்கினார். சொற்கள் அந்தப் பெண்ணுடையவை. வெட்டுவதும் அடுக்குவதும் மட்டுமே ஆய்வாளர் வேலை.

பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருவர், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் ஃபுளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்து, பல் பழுப்பேறிய ஒரு அம்மாவிடம் பேசியிருந்தார். மாணவி கொண்டுவந்த கவிதையில் 'நீர்' இருந்தது, 'விதி' இருந்தது, 'முத்துப்பல்' கூட இருந்தது! ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டோம். அந்த அம்மா சொன்னது 'தண்ணி'. விதியைப் பற்றிப் பேச்சே இல்லை. கல்யாண போட்டோவில் வாயை மூடிக்கொண்டு நின்றதை மட்டும் மூன்று முறை, வெவ்வேறு கேள்விகளுக்குப் பதிலாகச் சொல்லியிருந்தார். நாங்களோ முன்பு நேர்காணலைப் பகுத்தபோது, அந்த மூன்றையும் 'சமூகப் பாதிப்பு' என்று ஒரே குறியீட்டில், அதாவது ஒரே தலைப்பில், அடைத்திருந்தோம்.

திருத்திய கவிதையை மாணவி அந்த அம்மாவிடமே வாசித்துக் காட்டினார். "வாயை மூடச் சொன்னது எங்கள் அப்பா இல்லை, போட்டோக்காரர்" என்றாராம். அப்பாவைப் பற்றிய வரிக்கு அடியில் அதை வைத்ததால் வந்த வினை. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, ஆனாலும் பொய்யாகிவிட்டது.

மறுமொழி, கிருஷ்ணகிரியிலிருந்து:
என் மாணவர் மாங்கூழ் ஆலைக்குப் பெங்களூரா ரக மாங்காய் போடும் விவசாயி ஒருவரைச் சந்தித்தார். ஒரு மணி நேரப் பேச்சில் பாதி, கிலோவுக்கு என்ன விலை என்பதுதான். 'இதில் கவிதை எங்கே சார்?' என்று சலித்துக்கொண்டார். விலைகளை மட்டும் ஆண்டு வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதச் சொன்னேன். வகுப்பில் வாசித்தபோது, மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இருவர் தலைநிமிரவில்லை.

மறுமொழி:
கவிதை சுமாராக இருந்தால் மதிப்பெண் குறைப்பீர்களா?

முதலில் எழுதியவர்:
கவிதைக்கு மதிப்பெண்ணே இல்லை. எந்த வரியை ஏன் வெட்டினேன், எதை எதன் அடியில் ஏன் வைத்தேன் என்று ஒரு பக்கக் குறிப்பு இணைக்க வேண்டும். மதிப்பெண் அதற்குத்தான். போட்டோக்காரர் விவகாரத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது.