கிராப்: செதுக்கா, கத்தரியா, கொய்யா?

வணக்கம். படத்தொகுப்பு மென்பொருளின் தமிழாக்கத்தை ஞாயிறு இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். 'கிராப்' (crop, படத்தின் வேண்டாத ஓரத்தை நீக்குவது) ஒன்றுதான் பாக்கி. போன பதிப்பில் யாரோ இயந்திரத்தை நம்பிப் 'பயிர்' என்று போட்டிருக்கிறார்கள். 'வெட்டு' கிடைக்காது, வெட்டி ஒட்டுவதற்கு அது போய்விட்டது. 'சுருக்கு' என்றால் அளவு மாற்றுவது. பொத்தானில் இடம் குறைவு, சின்னச் சொல்லாகச் சொல்லுங்கள்.

——

'செதுக்கு' ஏற்கெனவே பல இடங்களில் புழங்குகிறது. அதையே போட்டுவிடலாமே.

——

> 'செதுக்கு' ஏற்கெனவே பல இடங்களில் புழங்குகிறது

புழங்கினால் சரியாகிவிடுமா? சிற்பி செதுக்கினால் கல்லின் முகமே மாறும். கிராப் செய்யும்போது எஞ்சும் பகுதியில் ஒரு புள்ளிகூட (பிக்சல்) மாறுவதில்லை, ஓரம்தான் போகிறது. 6000×4000 படத்தில் நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினால் 3000×2000. 2.4 கோடிப் புள்ளிகளில் 60 லட்சம்தான் மிச்சம், ஆனால் அவை அப்படியே இருக்கின்றன. 'கத்தரி' என்பதே பொருத்தம்.

——

ஐயா, கத்தரி வடமொழிக் 'கர்த்தரி'யின் திரிபு. போதாததற்குத் தணிக்கைக்காரர் நினைவும் வரும். 'கொய்' இருக்க ஏன் கடன்? சங்கப் பாட்டில் 'கொய்சுவற் புரவி' வருகிறதே, பிடரி மயிரை ஒழுங்காக நறுக்கிய குதிரை. தினை கொய்ததும் இதே வினைதான். ஆங்கிலத்திலும் கிராப் முதலில் செடியின் தலையைக் குறித்து, பிறகுதான் தலையை நறுக்குவதற்கு வந்தது. கதிர், மயிர், படம் மூன்றுக்கும் ஒரே சொல். அப்படிப் பார்த்தால் அந்த இயந்திரம்கூட முழுக்க உளறவில்லை.

——

அருமை. கிராப் செய்யாத படத்தை என்னவென்று சொல்வீர்கள்? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் போட்டால் 'கொய்யாப் படம்'. பழத்தைத் தேடிப் போவார்கள்.

——

'கொய்யாத படம்' என்று ஈறு கெடாமல் எழுதுங்கள். இதற்காக ஒரு நல்ல வேரை இழப்பதா?

——

நான் ஒளிப்படம் கற்பிப்பவள். நீங்கள் எல்லாரும் போகிற பகுதியையே பார்க்கிறீர்கள். நாங்கள் பார்ப்பது நிற்கிற பகுதியை. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்நியர் கையை விலக்குவோம். நடுவில் மாட்டிய முகத்தை, படத்தை மூன்றாகப் பிரிக்கும் கோட்டுக்கு நகர்த்துவோம், அது பார்க்கும் திசையில் வெற்றிடம் விடுவோம். ஆளின் மணிக்கட்டிலோ முட்டியிலோ விளிம்பு விழுந்தால் உறுப்பு அறுந்த மாதிரி தெரியும், அதனால் தொடையிலோ இடுப்பிலோ நிறுத்துவோம். மாணவர்கள் பலர் சும்மா 16:9 என்ற அகல-உயர விகிதத்தை அழுத்திவிட்டு உச்சந்தலையைப் பறிகொடுக்கிறார்கள். இது வேண்டியதை மட்டும் நிறுத்தி உருவம் கொடுக்கிற வேலை. அதற்குச் 'செதுக்கு' பொருந்தாதா?

——

எடுக்கும்போதே சட்டகத்தைச் சரியாகக் கட்டினால் எந்தச் சொல்லும் வேண்டாம். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோன் கிராப்பை ஏற்காதவர்.

——

அவருடைய 1932 படம், பாரிஸ் ரயில் நிலையத்தின் பின்னால் தண்ணீரைத் தாண்டுகிறவர், அதுவே கிராப் செய்ததுதான்! வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரம் மறைந்திருந்தது. சரி, தலைப்புக்குத் திரும்புவோம்.

——

> சிற்பி செதுக்கினால் கல்லின் முகமே மாறும்

புல் செதுக்குகிறோமே, அங்கே எந்த முகம் மாறுகிறது? வேண்டாததை நீக்குவதற்கும் அந்தச் சொல் உண்டு. செதுக்கு, செதுக்கல், செதுக்கிய படம் என்று எல்லா வடிவமும் உறுத்தாமல் வருகிறது. தூய்மையும் கெடவில்லை, கேட்பவருக்கும் புரிகிறது. என் வாக்கு இதற்கே.

——

'ஓரம்நறுக்கு' என்று ஒன்றை யாருமே பரிசீலிக்கவில்லையே?

——

பொத்தானில் அடங்காது.

——

சரி, நேரமில்லை. பெரும்பான்மை 'செதுக்கு' பக்கம் சாய்வதால் அதையே ஏற்றிவிட்டேன். 'கத்தரி'க்காரர் இன்னும் சமாதானமாகவில்லை என்று தெரிகிறது. அப்புறம், பட்டியலில் 'டிரிம்' என்று இன்னொன்றும் இருக்கிறது: படத்தைச் சுற்றியுள்ள ஒரே நிற வெற்று ஓரத்தைத் தானாக நீக்குவது. அதற்கு என்ன போடலாம்?

——

கொய்.