கேம் ஆடற கம்ப்யூட்டர்ல 20,000 ரூபாய்க்கு முதல்ல எதை மாத்தலாம்: கிராபிக்ஸ் கார்டா, எஸ்எம்பிஎஸ்ஸா (பவர் சப்ளை)?

பாகாயம்_பையன்:
அண்ணன்மார்களே, ஒரு யோசனை வேணும். என் சிஸ்டம்: ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் (ஒரே ஸ்டிக்), ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க், 450 வாட்ஸ்னு போட்ட லோக்கல் எஸ்எம்பிஎஸ். மானிட்டர் 1080பி. கையில 20,000 இருக்கு. அடுத்த காசு சேர தீபாவளி ஆயிடும். தினம் ஆடற கேம் வேலரன்ட், ஆனா சைபர்பங்க் 2077 ஆடணும்னு ரொம்ப நாள் ஆசை. எதை முதல்ல மாத்தட்டும்?

காட்பாடி_ஜங்ஷன்:
கார்டுதான் தம்பி, வேற பேச்சே இல்ல. 1050 டிஐ 2016ல வந்த கார்டு. 2600ல 6 கோர் இருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் தாங்கும். மொத்தக் காசையும் ஆர்எக்ஸ் 6600 கார்டு மேல போடு. படத்துல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியறது கார்டு மாத்தினா மட்டும்தான்.

கோட்டை_அகழி:
இதை நான் ஒத்துக்க மாட்டேன். 6600க்கு 132 வாட்ஸ் வேணும், 8 பின் ஒயரும் வேணும். லோக்கல் எஸ்எம்பிஎஸ் பலதுல அந்த ஒயரே வராது. ஹார்டு டிஸ்க் ஒயர்ல கன்வெர்ட்டர் மாட்டிக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க, தயவுசெஞ்சு கேக்காத. ஒயர் உருகிப் போகும். கேபினெட் கதவைக் கழட்டி எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்ல +12வி-ன்னு இருக்கற கட்டத்துல எத்தனை ஆம்பியர்னு பாத்துச் சொல்லு தம்பி. 450ங்கற பெரிய எழுத்தை நம்பாத.

காட்பாடி_ஜங்ஷன்:
பையனை ஏன் பயமுறுத்தறீங்க? 6600க்கு 450 வாட்ஸ் போதும்னு அதைச் செய்யற ஏஎம்டி கம்பெனியே சொல்லுது. கார்டு 132, பிராசசர் முழு மூச்சுல ஓடினாலும் 88, ஃபேன், டிஸ்க் எல்லாம் ஒரு 30. கூட்டினா 250 தானே?

பாலாற்றங்கரை:
ரெண்டு பேரும் அவன் என்ன ஆடறான்னே பாக்கல. சைபர்பங்க் 2023ல 2.0 அப்டேட் வந்ததுலேர்ந்து குறைஞ்சபட்சமே 12 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கை விட வேகமான டிஸ்க்), 6 ஜிபி விரேம் (கார்டுலயே இருக்கற ரேம்). அவன்கிட்ட இந்த மூணுமே இல்ல, பிராசசர் மட்டும்தான் தேறுது. வேலரன்ட் கதையே வேற, அது பிராசசரையும் ரேமையும் நம்பி ஓடற கேம். தம்பி, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ங்கற அளந்து காட்டற சாஃப்ட்வேர் போட்டு ரெண்டு கேமையும் ஓட்டு. கார்டு எத்தனை சதவீதம், ரேம் எவ்வளவுன்னு எழுது. அளந்து பாக்காம காசைப் போடக்கூடாது.

பாகாயம்_பையன்:
பாத்துட்டேன் அண்ணா. +12வி-ல 16 ஆம்பியர். 6 பின்னும் இல்ல, 8 பின்னும் இல்ல. வேலரன்ட்ல கார்டு 60% தாண்டல, ஆனா ரேம் 7.5 ஜிபி, நடுநடுவுல அப்படியே உறைஞ்சு நிக்குது. சைபர்பங்க்ல எல்லாம் லோவுல வெச்சும் கார்டு 99%, விரேம் ஃபுல். கார் ஓட்டினா எதிர்ல ரோடே லேட்டா வருது.

கோட்டை_அகழி:
16ஐ 12ஆல பெருக்கு. 192 வாட்ஸ். கார்டுக்கும் பிராசசருக்கும் போறது அந்த 12 வோல்ட் லைன்தான், அது ரெண்டுமே சேர்ந்து 220 ஆச்சு. ஏஎம்டி சொல்ற 450 நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பொருந்தும், இதுக்குப் பொருந்தாது. அதோட இது வேலூர். அக்னி நட்சத்திரத்துல வெயில் 40 டிகிரியைத் தாண்டும், மொட்டை மாடிக்குக் கீழ் ரூம்னா கேபினெட்டுக்குள்ள இன்னும் மேல. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 40, 50 டிகிரியிலயும் முழு வாட்ஸ் தரும்னு எழுதிக் கொடுக்கறாங்க. மலிவானது சூடு ஏற ஏறத் திணறும். சாயங்காலம் தெரு முழுக்க ஏசி ஓடறப்போ வோல்டேஜும் இறங்கும். அது செத்தா தனியா சாகாது, போர்டையும் புதுக் கார்டையும் இழுத்துக்கிட்டுப் போகும். 550 வாட்ஸ் '80 பிளஸ் ப்ரான்ஸ்' (கரண்டை அதிகம் வீணாக்காதுங்கற சான்று) எஸ்எம்பிஎஸ், இன்னொரு 8 ஜிபி ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி. கார்டு தீபாவளிக்கு.

காட்பாடி_ஜங்ஷன்:
சரி, 6600 இதுல ஓடாது. அதுக்காக கார்டையே விட்டுடணுமா? நீங்க சொன்னதெல்லாம் வாங்கினாலும் சைபர்பங்க்ல கார்டு அதே 99%, விரேம் அதே 4 ஜிபி. தம்பி கேட்டது அந்த கேம். ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி இருக்கு. 70 வாட்ஸ்தான், தனி ஒயர் வேணாம், ஸ்லாட்லயே கரண்ட் எடுத்துக்கும். இப்ப இருக்கற 1050 டிஐ 75 வாட்ஸ். இதைத் தூக்கற எஸ்எம்பிஎஸ் அதைத் தூக்காதா?

கோட்டை_அகழி:
தூக்கும். அதுல மறுபேச்சு இல்ல. ஆனா மொத்தக் காசும் அங்க போயிட்டா 8 ஜிபி ரேமும் ஹார்டு டிஸ்க்கும் அப்படியே நிக்கும். ரோடு லேட்டா வர்றதுக்குப் பாதிக் காரணம் அந்த டிஸ்க்தான். அதோட 3050 6 ஜிபியை விட 6600 நல்ல வேகம். இன்னைக்கு அதை வாங்கிட்டு அடுத்த வருஷம் இன்னொரு கார்டு தேடணுமா? எஸ்எம்பிஎஸ் ஒரு தடவை நல்லதா வாங்கினா அடுத்த சிஸ்டத்துக்கும் வரும்.

பாலாற்றங்கரை:
ரேமைத் தள்ளிப் போடாதீங்கன்னு நானும் சொல்வேன். 2025 கடைசியிலேர்ந்து ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சிப் போறதால விலை ஏறிடுச்சு, உன் போர்டுல போடற டிடிஆர்4 ரேமும் தப்பல. வேற எதை செகண்ட் ஹேண்ட்ல வாங்க யோசிச்சாலும், ரேமைத் தைரியமா வாங்கலாம், மெம்டெஸ்ட்னு ரேமைச் சோதிக்கற சாஃப்ட்வேரை ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும். நாலு ஸ்லாட் இருக்கற போர்டுன்னா பிராசசர்லேர்ந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடு. ரெண்டு ஸ்டிக்கும் சேந்து டூயல் சேனல் ஆச்சுன்னா பேண்ட்விட்த் (டேட்டா போற அளவு) ரெண்டு மடங்கு. பயாஸ்ல எக்ஸ்எம்பி (ரேமை அதோட முழு வேகத்துல ஓட்டற செட்டிங்) ஆன் பண்ணு.

பாகாயம்_பையன்:
தினம் ஆடறது வேலரன்ட்தான் அண்ணா. அதனால எஸ்எம்பிஎஸ், ரேம், எஸ்எஸ்டின்னு முடிவு பண்ணிட்டேன். சனிக்கிழமை காலைல காட்பாடியில ரயில் ஏறி சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போறேன். ஒரு சந்தேகம், வீட்ல இருக்கறது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். புது எஸ்எம்பிஎஸ் அதுல ஓடுமா?

கோட்டை_அகழி:
நல்ல வேளை கேட்ட. ப்ரான்ஸ் எஸ்எம்பிஎஸ்ல ஏக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுக்கறதைச் சீராக்கற சர்க்யூட்) இருக்கும், ஸ்கொயர் வேவ்ல சிலது கரண்ட் மாறற நொடியில ஆஃப் ஆயிடும். சிஸ்டத்தை இன்வெர்ட்டர் லைன்லேர்ந்து பிரிச்சு நேர் லைன்ல போடு. ப்யூர் சைன் வேவ் வாங்கற வரைக்கும் கரண்ட் போனா போகட்டும்.

காட்பாடி_ஜங்ஷன்:
என் ஓட்டு இன்னும் 3050க்குத்தான். ஆனா போறதுன்னு ஆச்சு, கார்டுக்குப் போற 6+2 பின் ஒயர் (6 பின்னாவும் 8 பின்னாவும் மாட்டலாம்) ரெண்டு இருக்கற எஸ்எம்பிஎஸ்ஸா பாத்து எடு. டப்பா மேல போட்டிருக்கறதை நம்பாம கடையிலயே பிரிச்சு எண்ணிப் பாரு.