அப்பா பெயரில் புரோஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க நினைக்கிறோம், அறக்கட்டளைகள் அதை என்ன செய்கின்றன?

பாலக்கோட்டான்

வணக்கம். எங்கள் அப்பா போன தை மாதம் தவறிவிட்டார். புரோஸ்டேட் புற்றுநோய், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பியில் வருவது. இடுப்பு வலி என்று தர்மபுரியில் காட்டி, அங்கிருந்து பெங்களூர் போய் ஸ்கேன் எடுத்தபோதே எலும்பில் பரவியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசி, அப்புறம் அபிராடெரோன் மாத்திரை. அதில் நன்றாகவே இருந்தார். வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும் என்பதால் விடியற்காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போகும்போதே மாத்திரை டப்பாவையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். இரண்டு தக்காளிப் பட்டம் தாண்டி அவரைக் கூட வைத்திருந்தது அந்த மாத்திரைதான் என்று நாங்கள் நம்புகிறோம்.

வருஷ திதி வருகிறது. பிள்ளைகள் நாங்கள் சேர்ந்து ஒரு லட்சம் வைத்திருக்கிறோம். அன்னதானம் செய்யலாம் என்று மாமா சொல்கிறார், அதையும் செய்வோம். ஆனால் அமெரிக்காவில் இருக்கிற தம்பி, இந்த நோய்க்கென்றே ஒரு ஃபவுண்டேஷன் இருக்கிறது, ஆராய்ச்சிக்குக் கொடுப்போம் என்கிறான். பணத்தை வாங்கி அவர்கள் யாருக்குக் கொடுக்கிறார்கள்? யார் முடிவு செய்வது? அங்கே நடக்கிற ஆராய்ச்சி பாலக்கோட்டு விவசாயி வரைக்கும் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தீர்த்தமலை

அண்ணா, அப்பாவுக்கு என் அஞ்சலி. நான் அரூர்ப் பக்கம், இப்போது வெளிநாட்டில் ஒரு புரோஸ்டேட் புற்றுநோய் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கொஞ்ச காலம் எனக்குச் சம்பளமே ஒரு அறக்கட்டளை நிதியிலிருந்துதான் வந்தது, அதனால் இதைப் பற்றி நீளமாகவே எழுதுகிறேன்.

தம்பி சொல்வது அனேகமாக புரோஸ்டேட் கேன்சர் ஃபவுண்டேஷனாக இருக்கும். கலிஃபோர்னியாவில் சாண்டா மோனிகாவில் இருக்கிறது. மைக்கேல் மில்கன் என்கிற நிதித்துறைக்காரர், 46 வயதில் தனக்கே இந்த நோய் என்று தெரிந்த 1993-இல் ஆரம்பித்தார். அப்போது அதன் பெயர் கேப் க்யூர், 2003-இல்தான் இப்போதைய பெயர் வந்தது. இங்கிலாந்தில் புரோஸ்டேட் கேன்சர் யுகே, ஆஸ்திரேலியாவில் ஆரம்பித்து நவம்பர் மாதம் மீசை வளர்த்து நிதி திரட்டுகிற மொவெம்பர் என்று வேறு பெரிய அமைப்புகளும் உண்டு.

இவர்களில் யாரும் சொந்தமாக லேப் வைத்து ஆராய்ச்சி செய்வதில்லை. பல்கலைக்கழகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிற விஞ்ஞானிகளிடம் விண்ணப்பம் கேட்பார்கள். வந்த விண்ணப்பங்களை அதே துறையில் இருக்கிற வேறு விஞ்ஞானிகள் படித்து மதிப்பெண் போடுவார்கள். விண்ணப்பித்தவரோடு ஒரே நிறுவனத்தில் இருப்பவரோ, சேர்ந்து கட்டுரை எழுதியவரோ அதைத் தொடக்கூடாது. மேலே வந்தவற்றுக்குத்தான் பணம், அதுவும் மொத்தமாகக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள், வருஷா வருஷம் என்ன செய்தாய் என்று அறிக்கை பார்த்துத்தான் அடுத்த தவணை.

யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது. அமெரிக்க அரசின் பெரிய ஆராய்ச்சி நிதியை ஒரு விஞ்ஞானி முதல்முறையாக வாங்கும்போது சராசரியாக அவருக்கு நாற்பது வயது தாண்டிவிடுகிறது. ஏற்கெனவே முடிவு ஓரளவு தெரிந்த விஷயத்துக்குத்தான் அரசு பணம் எளிதில் கிடைக்கும், மருந்துக் கம்பெனியோ விற்கிற மாதிரி ஒன்று கண்ணில் பட்டால்தான் உள்ளே வரும். நாற்று விடுகிற செலவை யாராவது போட்டால்தானே நட முடியும், அந்தச் செலவைத்தான் அறக்கட்டளை போடுகிறது. இந்த ஃபவுண்டேஷனில் இளம் ஆய்வாளர் விருது என்று ஒன்று, ஆண்டுக்கு 75,000 டாலர் வீதம் மூன்று ஆண்டுக்கு. பெரிய அணிகளுக்குச் சேலஞ்ச் விருது என்று தனியாக இருக்கிறது, சுமார் பத்து லட்சம் டாலர், அந்த அணியில் ஒரு இளம் ஆய்வாளர் கட்டாயம் இருக்க வேண்டும்.

இந்தப் பணம் லேபில் என்னவாகிறது என்று கேட்டால், பெரும்பகுதி ஆள் சம்பளம். மீதி எலிக்கூண்டு வாடகை, ஒரு சொட்டு சிந்தினாலும் வயிறு எரிகிற விலையில் வரும், குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காட்டுகிற ஆன்டிபாடி குப்பிகள், மரபணு வரிசை பார்க்கிற செலவு. நான் தினமும் பார்க்கிற செல் வகைக்கு எல்என்கேப் என்று பெயர். மற்ற செல்கள் இரண்டு நாளில் தட்டை நிரப்பிவிடும், இது மெதுவாக வளரும், கொஞ்சம் வேகமாகத் திரவம் மாற்றினால் தட்டிலிருந்து பெயர்ந்து வந்துவிடும். 1977-இல் ஐம்பது வயது நோயாளி ஒருவரின் நிணநீர்க் கணுவில் பரவியிருந்த கட்டியிலிருந்து எடுத்து வளர்த்தது. அந்தச் செல்களை வைத்துத்தான் 1987-இல் புரோஸ்டேட் செல்களின் மேல் இருக்கிற பிஎஸ்எம்ஏ என்கிற புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். அதைக் குறி வைத்துப் போய் ஒட்டுகிற கதிரியக்க லுடீசியம் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2022 மார்ச்சில். நடுவில் முப்பத்தைந்து வருஷம்.

இது நம் ஊருக்கு வருமா என்றீர்களே, வந்துவிட்டது. லுடீசியத்தை மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையமே தயாரிக்கிறது, இந்திய ஆஸ்பத்திரிகளில் போடுகிறார்கள். அப்பா சாப்பிட்ட அபிராடெரோன் லண்டன் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானது, அமெரிக்க அனுமதி 2011 ஏப்ரல். வந்த புதிதில் அங்கே ஒரு மாத மாத்திரை 5,000 டாலர் பக்கம். பிறகு இந்தியக் கம்பெனிகளும் தயாரிக்க ஆரம்பித்ததால்தான் நம்மவர்கள் கைக்கு எட்டியது.

பாலக்கோட்டான்

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றிம்மா. அந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்று இத்தனை நாள் யோசித்ததே இல்லை. ஒரு சந்தேகம். மில்கன் பெயரைத் தேடினால் பங்குப் பத்திர வழக்கில் சிறைக்குப் போனவர் என்று வருகிறது. மாமா இதைப் பிடித்துக்கொண்டார். அப்புறம், ஆராய்ச்சி தோற்றுப் போனால் நம் பணம் போனது போனதுதானா?

தீர்த்தமலை

அது உண்மைதான் அண்ணா. 1990-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார், 2020-இல் ஜனாதிபதி மன்னிப்பு கிடைத்தது. மாமா கேட்பது நியாயமான கேள்வி, அதை ஒதுக்க வேண்டாம். ஆனால் கொடுக்கிறவர் பார்க்க வேண்டியது கணக்கை. அமெரிக்காவில் இப்படிப்பட்ட அமைப்புகள் 990 என்கிற படிவத்தை ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எவ்வளவு வந்தது, ஆராய்ச்சிக்கு எவ்வளவு போனது, நிதி திரட்டவே எவ்வளவு செலவானது, தலைவருக்கு என்ன சம்பளம், எல்லாம் அதில் இருக்கும். தம்பியை அதை இறக்கி மாமாவிடம் காட்டச் சொல்லுங்கள்.

தோல்வி பற்றி. பெரும்பாலான ஆராய்ச்சி நினைத்த இடத்துக்குப் போவதில்லை, இதை மறைக்கிற அறக்கட்டளையை நான் நம்பமாட்டேன். தோற்றது வெளியே தெரிந்தால்தான் அடுத்தவர் அதே வழியில் போய்ப் பணத்தைக் கொட்டமாட்டார். இந்த ஃபவுண்டேஷன் ஆண்டுக்கு ஒருமுறை எல்லா ஆய்வாளர்களையும் ஓரிடத்தில் கூட்டி, இன்னும் பத்திரிகையில் வராத முடிவுகளையும் பேசவைக்கிறது. எங்கள் துறையில் பிரசுரமாகும் வரை வாய் திறக்காதவர்கள்தான் அதிகம், அதனால் அந்தக் கூட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

தென்பெண்ணை

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். புற்றுநோய் வார்டில் செவிலியராக வேலை பார்த்தவள். தம்பி, அப்பா கதையைப் படித்தபோது எங்கள் வார்டுக்கு வந்த எத்தனையோ பேர் முகம் ஞாபகம் வந்தது. இந்தப் பக்கத்து ஆண்கள் சிறுநீர் சரியாகப் போகவில்லை என்பதை வெளியே சொல்லவே மாட்டார்கள், மாங்காய் சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு, கால் மரத்துப்போய்த் தூக்கிக்கொண்டு வரும்போது தண்டுவடத்தில் அழுத்தம் வந்திருக்கும்.

அதனால் என் கருத்து கொஞ்சம் வேறு. ஆராய்ச்சிக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இங்கே நடக்கிற ஆராய்ச்சிக்கும் கொடுங்கள். அபிராடெரோனையே எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 1000 மில்லிகிராம் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும் என்பது கம்பெனி சொன்ன முறை. காலை உணவோடு 250 மட்டும் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு சின்ன ஆய்வு நடத்தினார்கள், 72 நோயாளிகள், 2018-இல் வெளிவந்தது. பிஎஸ்ஏ என்று ரத்தத்தில் பார்க்கிற புரோஸ்டேட் புரதத்தின் அளவை வைத்துப் பார்த்தால் பலன் குறையவில்லை. சின்ன ஆய்வு என்பதால் அதை மட்டும் வைத்து எல்லோருக்கும் மாற்றிவிட முடியாது, மருத்துவரைக் கேட்காமல் யாரும் மாத்திரையைக் குறைத்துவிடவும் கூடாது. ஆனால் யோசித்துப் பாருங்கள், கால்வாசி மாத்திரை போதுமா என்று கண்டுபிடிக்க எந்தக் கம்பெனி பணம் கொடுக்கும்? நம் ஊர் நோயாளிக்கு அதுதான் பெரிய கேள்வி. இப்படிப்பட்டதற்குத்தான் தர்மப் பணம் தேவை.

இங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-இல் ஆரம்பித்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை நன்கொடையில் வளர்ந்த இடம்தான். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையை 1941-இல் டாடா டிரஸ்ட்தான் தொடங்கியது. இரண்டிலும் சிகிச்சையோடு ஆராய்ச்சியும் நடக்கிறது.

ஆடிட்டர்_தர்மபுரி

பண விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பங்கை நீங்கள் இங்கிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பலாம், ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை தனிநபர் அனுப்ப இடமுண்டு, நன்கொடையும் அதில் அடங்கும். ஆனால் வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுத்தால் 80ஜி என்று சொல்கிற, நன்கொடைக்கான வருமான வரிக்கழிவு இங்கே கிடையாது. தம்பி அங்கே வரி கட்டுகிறவர் என்றால் அவர் பங்கை அவரே அங்கே கொடுப்பதுதான் சரி. அவர் அங்கிருந்து இந்திய மருத்துவமனைக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலில் அவர் எந்தப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவுபெற்ற அமைப்புக்குத்தான் கொடுக்க முடியும், அதுவும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் அந்த அமைப்புக்கு இருக்கிற கணக்குக்குத்தான் போக வேண்டும்.

இங்கே கொடுக்கும்போது 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு வராது, வங்கி வழியாகக் கொடுங்கள். வரிக்கழிவுக்கான நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். புதிய வரி முறையில் இருந்தால் இந்தக் கழிவே இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும்.

பலர் கவனிக்காதது ஒன்று. பணத்தோடு ஒரு கடிதம் வையுங்கள். இந்தத் தொகை புரோஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று எழுதினால் பொதுச் செலவில் கலக்காமல் தனியாகக் கணக்கு வைக்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு வருகிறது. மூலநிதியாக என்று எழுதினால் அசல் அப்படியே இருக்கும், வட்டி மட்டும் செலவாகும். ஒரு லட்சத்துக்கு வட்டி பெரிதாக வராது, ஆகவே நேரடியாகச் செலவு செய்யக் கொடுப்பதே மேல் என்பது என் எண்ணம். அனுப்புவதற்கு முன்பே ஆஸ்பத்திரி நிதி அலுவலகத்தில் பேசி, அப்படிக் குறிப்பிட்ட காரியத்துக்கு வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டான்

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசினோம். தம்பி தன் பங்கை அங்கேயே அந்த ஃபவுண்டேஷனுக்குக் கொடுக்கிறான். நாங்கள் இங்கே கொடுப்பதை ஆடிட்டர் சார் சொன்னபடி கடிதத்தோடு அடையாறுக்கு, அவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்றால். மாமாவும் 990 படிவத்தைத் தம்பியோடு வீடியோ காலில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துவிட்டுச் சரி என்றார். கேட்க நினைத்த இன்னொன்று, அப்பாவுக்கு வந்ததால் எங்களுக்கும் வருமா? எனக்கு 44 வயது.

தீர்த்தமலை

அப்பாவுக்கு இருந்தால் மகன்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அண்ணா. வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை எப்போது ஆரம்பிக்கலாம் என்று சிறுநீர்ப் பாதை மருத்துவரிடம் (யூராலஜிஸ்ட்) இந்த வயதிலேயே பேசிவிடுங்கள். எல்லா ஆண்களுக்கும் அதைச் செய்வது நல்லதா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது, அதைத் தீர்க்கத்தான் புரோஸ்டேட் கேன்சர் யுகே, டிரான்ஸ்ஃபார்ம் என்று 4.2 கோடி பவுண்டில் பெரிய ஆய்வு தொடங்கியிருக்கிறது. ஆனால் குடும்பத்தில் இருக்கிற உங்களைப் போன்றவர்கள் பேசித்தான் ஆக வேண்டும்.

அப்பாவுக்குப் பரவிய நிலையில் இருந்தது என்றீர்கள். பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் இருந்த 692 பேரின் மரபணுவைப் பார்த்ததில் 11.8 சதவீதம் பேருக்கு பிஆர்சிஏ போன்ற டிஎன்ஏ பழுது பார்க்கிற மரபணுக்களில் பிறவியிலேயே குறை இருந்தது என்று 2016-இல் ஒரு ஆய்வு வந்தது. அதற்கு நிதி கொடுத்தவர்களில் நாம் பேசுகிற ஃபவுண்டேஷனும் உண்டு.

தென்பெண்ணை

இதை நானும் சொல்ல வந்தேன் தம்பி. அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் ஃபைல் எல்லாம் மஞ்சப்பையோடு பரணில் போட்டுவிடாதீர்கள். முடிந்தால் பயாப்ஸி எடுத்த ஆஸ்பத்திரியில் எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கிற மெழுகுக் கட்டியையும் கேட்டுப் பாருங்கள். மரபணு ஆலோசனை இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போங்கள், வேலூர் சிஎம்சியில் இருக்கிறது. கூடப் பிறந்த தங்கச்சி யாராவது இருந்தால் அவரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள், பிஆர்சிஏ குறை பெண்பிள்ளைக்கு வந்திருந்தால் மார்பகத்துக்கும் சினைப்பைக்கும் அபாயம், ஆண்களுக்குத்தானே இந்த நோய் என்று அவரை விட்டுவிடக்கூடாது.