பேர் வைப்பதா, பெயர் சூட்டுவதா?

அச்சகத்தார், செவ்வாய்பேட்டை:
சேலத்தில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாவற்றுக்கும் பத்திரிகை அடிக்கிறேன். போன வாரம் நாகலூரிலிருந்து மலையிறங்கி ஒரு பாட்டி, பேரனுக்குப் பத்திரிகை அடிக்க மகனோடு வந்திருந்தார். மகன் புரூஃபை வாசித்துக் காட்டினார். ‘பெயர் சூட்டு விழா’ என்றதும் பாட்டி நிறுத்தினார். “பூவத்தான கண்ணு சூட்டுவாங்க, பேர எப்படிச் சூட்டுறது? பேர் வெக்கிறோம்னே போடு.”

இருபது வருஷமாக அந்தச் சொல்லை அடிக்கிறேன். பாட்டிக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. வை, இடு, சூட்டு மூன்றும் ஒன்றுதானா? அப்புறம், ‘சூட்டு விழா’ சரியா, ‘சூட்டும் விழா’ சரியா?

தமிழாசிரியர் (ஓய்வு), அஸ்தம்பட்டி:
பாட்டி கேட்டதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. தான் தலையில் வைத்துக்கொண்டால் சூடுதல். பெருமாளுக்குரிய மாலையைத் தான் சூடிப் பார்த்துக் கொடுத்ததால்தான் ஆண்டாள் ‘சூடிக்கொடுத்த சுடர்க்கொடி’. அடுத்தவர் தலையில் வைத்தால் சூட்டுதல். ஓடு–ஓட்டு, ஆடு–ஆட்டு போலப் பிறவினை. பூச்சூட்டினார்கள், முடிசூட்டினார்கள் என்ற வரிசையில் பெயரும் சேர்ந்துகொண்டது. குழந்தை தானாகப் பெயரை எடுத்துக்கொள்வதில்லை, பெரியவர்கள்தான் வைக்கிறார்கள். வளர்ந்தபின் தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டால்கூட ‘சூட்டிக்கொண்டார்’ என்றுதான் எழுதுகிறோம்.

அகநானூற்றில் ஒரு நடுகல் வருகிறது. வீரனின் ‘பெயரும் பீடும் எழுதி’, அதற்குப் ‘பீலி சூட்டிய’ கல். அங்கே பெயரை எழுதுகிறார்கள், சூட்டுவது மயில்பீலியைத்தான். பாட்டி சொன்ன அதே கணக்கு! அவரிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

‘இடு’ என்றாலும் வைப்பதுதான். காரணம் எதுவும் இல்லாமல் இட்டது இடுகுறிப் பெயர். மலை, மரம் எல்லாம் அப்படி. உங்கள் செவ்வாய்பேட்டை செவ்வாய்க்கிழமைச் சந்தையால் வந்த காரணப் பெயர்.

‘சூட்டு விழா’ காலம் வெளியே தெரியாமல் வரும் வினைத்தொகை, ஊறுகாய் மாதிரி. ‘சூட்டும் விழா’வும் தப்பில்லை. பத்திரிகைக்கு முதலாவதே அழகு.

கன்னங்குறிச்சிக்காரி:
பேச்சில் எல்லாவற்றுக்கும் ‘வை’தான். எங்கள் நாய்க்குட்டிக்கு மணி என்று பேர் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயரும் வைத்தோம், சூட்டவில்லை. ஆனால் பூங்காவில் பிறந்த புலிக்குட்டிக்கு ஓர் அமைச்சர் வந்து வைத்தால் மறுநாள் செய்தித்தாளில் ‘பெயர் சூட்டினார்’ என்று வரும். விழா, மேடை, பேருந்து நிலையம் என்று வந்தால்தான் ‘சூட்டு’ வருகிறது. சரி, கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் பூச்சாட்டுகிறோமே, அந்தச் ‘சாட்டு’ம் இதுதானா ஐயா?

தமிழாசிரியர் (ஓய்வு), அஸ்தம்பட்டி:
இல்லை அம்மா, அது வேறு வினை. பூச்சாட்டிவிட்டால் திருவிழா தொடங்கிவிட்டது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று. பேரன் என்பதே ‘பெயரன்’தான், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் என்று கேட்டீர்களா?

அச்சகத்தார், செவ்வாய்பேட்டை:
கேட்டேன் ஐயா. தாத்தா பெயரேதான். நேற்று பத்திரிகை வாங்க வந்தபோது பாட்டியிடம் நடுகல் கதையைச் சொன்னேன். “அப்ப நாஞ்சொன்னது சரிதான?” என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் அட்டையில் இருந்த பெயரை விரலால் தடவிக்கொண்டே, “எங்க வீட்டுக்காரர் பேரு. நான் எப்படிக் கூப்பிடுவேன்? ‘பெரியவரே’ன்னுதான் கூப்புடணும்” என்றார்.

மேலே ‘பெயர் சூட்டு விழா’ என்றே இருக்கிறது. கீழே பாட்டிக்காக நானே ஒரு வரி சேர்த்திருந்தேன்: ‘எங்கள் பேரனுக்குப் பேர் வைக்கிறோம், எல்லோரும் வாங்க.’ மகனும் சரி என்றுவிட்டார்.